வாசகர் கேட்டவை: ஊர் மாறிப் போகும் மர ரோலர் கோஸ்டர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பழைய மர ரோலர் கோஸ்டரை இடிக்கும்போது அது தீப்பிடித்து எரிகிற வீடியோவைப் பார்த்தேன், மனது கஷ்டமாகிவிட்டது. யாருக்காவது விற்றிருக்கக் கூடாதா?
*வாசகி, தஞ்சாவூர்*

நீங்கள் பார்த்தது பென்சில்வேனியாவில் கானியாட் ஏரிப் பூங்காவில் இருந்த புளூ ஸ்ட்ரீக் ஆகத்தான் இருக்கும். 1938-ல் ஓட ஆரம்பித்த கோஸ்டர், 2022 ஜனவரியில் இடித்துக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. அதைப் பார்த்த அன்று எனக்கும் வேறு வேலை ஓடவில்லை. ஆனால் விற்றுவிட்டால் பிழைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒஹாயோவில் ஜியாகா லேக் பூங்காவை 2007-ல் மூடினார்கள். அங்கே 1925-ல் கட்டிய பிக் டிப்பர் 2008-ல் ஏலத்துக்கு வந்து, 5,000 டாலருக்குப் போனது. ஒரு பழைய கார் வாங்குகிற காசு! சரி, வாங்கியாயிற்று, அப்புறம்? கழற்றத் தெரிந்த ஆள் வேண்டும், ஏற்றிப்போக லாரி வேண்டும், நிறுத்த நிலம் வேண்டும், அந்த ஊர் அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஒன்றும் கூடிவரவில்லை. நின்ற இடத்திலேயே மழையிலும் பனியிலும் ஊறி, செடி கொடி படர்ந்து கிடந்தது. 2016-ல் இடித்துவிட்டார்கள். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் இடிந்துபோகும் என்பார்களே, மர கோஸ்டருக்கும் அதே கதைதான். ஓடுகிற வரைக்கும் தினமும் காலையில் ஒருவர் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலேயே நடந்து, எந்த போல்ட்டு தளர்ந்திருக்கிறது, எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று பார்ப்பார். பூட்டிய அன்றிலிருந்து அந்த நடை நின்றுவிடுகிறது.

கேள்வி: அவ்வளவு பெரிய மரக் கட்டுமானத்தை நிஜமாகவே பிரித்து வேறு ஊரில் கட்ட முடியுமா?
*வாசகர், விருதுநகர்*

முடியும். முடியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு குடும்பம் செய்து காட்டியது. டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் பிளேலேண்ட் என்று ஒரு பூங்கா. அங்கே 1940-களின் கடைசியில் வந்த கோஸ்டருக்கு ராக்கெட் என்று பெயர், வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக். 1980-ல் பூங்காவை மூடினார்கள், ராக்கெட் சும்மா நின்றது. பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் என்ற சின்ன ஊரில் கனோபல்ஸ் பூங்கா இருக்கிறது (ஆங்கிலத்தில் Knoebels என்று இருப்பதைப் பார்த்து முதல் எழுத்தை விழுங்கிவிடாதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் 'க' சேர்த்தே சொல்கிறார்கள்). உள்ளே போகக் கட்டணமே கிடையாது, ஒரே குடும்பம் 1926-லிருந்து நடத்துகிறது. அவர்கள் ராக்கெட்டை வாங்கினார்கள்.

சிக்கல் என்னவென்றால் மூல வரைபடம் கிடைக்கவில்லை. 78 அடி உயரம், 3,200 அடி நீளம், எந்தப் பலகை எந்தப் பலகையோடு சேரும் என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. அதனால் சார்லஸ் டின் என்பவரின் மேற்பார்வையில் ஒவ்வொரு பலகைக்கும் அடையாளம் போட்டு, பட்டியலில் எழுதி, அப்புறம்தான் கழற்றினார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். கோவில் திருப்பணியில் கல்லைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி அடுக்கிவைப்பார்களே, அதே பக்குவம், அதே பொறுமை. எண் போடாமல் ஒரு சட்டத்தைக் கழற்றிவிட்டால் அது வெறும் விறகு. லாரிகளில் ஏற்றி, பாதி நாட்டைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தி, 1985 ஜூன் 15-ல் ஓட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் மாறியது: ஃபீனிக்ஸ். இன்றைக்கும் கோஸ்டர் ஏறுமிடத்தை விட்டுக் கிளம்பியதும் கும்மிருட்டு சுரங்கம், அதைத் தாண்டித்தான் சங்கிலி பிடித்து மேலே இழுக்கும். 2018-லிருந்து பல வருஷம், பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கான 'கோல்டன் டிக்கெட்' விருதில் உலகின் சிறந்த மர கோஸ்டராக வந்திருக்கிறது. மூடிய பூங்காவில் கேட்பாரற்று நின்ற வண்டிக்கு இந்த மரியாதை. கனோபல்ஸிடம் கொட்டிக் கிடந்தது பணம் இல்லை, சொந்தமாகத் தச்சு வேலை தெரிந்த ஆட்கள். பிக் டிப்பருக்குக் கிடைக்காதது அதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: பலகையை மாற்றிக்கொண்டே இருந்தால் அது பழைய கோஸ்டர்தானா? ஏமாற்று இல்லையா?
*வாசகர், கோயம்புத்தூர்*

ஏமாற்று இல்லை. ஒரே இடத்தில் நிற்கிற கோஸ்டரிலும் வருஷா வருஷம் மரத்தை மாற்றத்தான் செய்கிறார்கள். தண்டவாளம் என்பதே பலகைமேல் பலகை அடுக்கி, மேலே இரும்புப் பட்டை அடித்ததுதான். ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த அடுக்கு நசுங்கும், ஆணி தளரும், வளைவுகளில் சீக்கிரமே தேயும். அப்போ மிஞ்சுவது எது? மேடு எவ்வளவு உயரம், பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, உடம்பு இருக்கையை விட்டு எந்த இடத்தில் எழும்புகிறது என்கிற அந்த அமைப்பு. மெம்பிஸ் நகரின் ஜிப்பின் பிப்பின் நல்ல உதாரணம். பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு அது உயிர். 1977 ஆகஸ்ட் 8-ல் ராத்திரி பூங்கா முழுவதையும் வாடகைக்கு எடுத்து ஏறினார், எட்டே நாளில் இறந்துபோனார். அந்தப் பூங்கா 2005-ல் மூடியது. பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகர நிர்வாகம் அந்தக் கோஸ்டரை வாங்கி, பெரும்பாலும் புது மரத்தில் 2011-ல் எழுப்பியது. மரம் புதுசு, ஓட்டம் பழசு. நான் அதை ஜிப்பின் பிப்பின் என்றுதான் சொல்வேன்.

பொருளே கைமாறிய கதையும் உண்டு. கனடாவில் கிரிஸ்டல் பீச் என்ற பூங்காவில் 1927-ல் ஹாரி டிராவர் கட்டிய சைக்ளோன் மகா முரட்டு கோஸ்டர், மயங்கி விழுகிறவர்களுக்காக அங்கே ஒரு நர்ஸையே வைத்திருந்தார்கள். 1946-ல் அதைப் பிரித்து, அதன் இரும்பைப் பயன்படுத்தி 1948-ல் காமெட் கட்டினார்கள். 1989-ல் பூங்காவே மூடியது, காமெட் ஏலம் போனது, சில வருஷம் துண்டு துண்டாகக் கிடந்தது, 1994-ல் நியூயார்க் மாநிலத்தின் கிரேட் எஸ்கேப் பூங்காவில் மறுபடி எழுந்தது.

கேள்வி: இரும்பு கோஸ்டர்களை மாற்றுவது சுலபமா?
*வாசகர், ஈரோடு*

மரத்தோடு ஒப்பிட்டால் சுலபம். துண்டுகளை போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள், கழற்றி மாட்டலாம். தலைகீழாகச் சுழற்றிய முதல் நவீன கோஸ்டரான கார்க்ஸ்க்ரூ கலிஃபோர்னியாவில் 1975-ல் வந்தது, 1990-ல் ஐடஹோ மாநிலத்தின் சில்வர்வுட் பூங்காவுக்குக் குடிபோனது. ஆனால் உலோகம் களைத்துப்போனால் மரம் மாதிரி ஒரு பலகையை மட்டும் எடுத்துப் போட முடியாது, அந்தத் துண்டையே புதிதாக வளைத்து வெல்டு செய்துகொண்டு வர வேண்டும்.

கேள்வி: பழைய மரத்தின் மேல் இரும்புத் தண்டவாளம் போட்டுவிடுகிறார்களாமே? நல்லதா கெட்டதா?
*வாசகி, சென்னை*

டெக்சாஸில் 1990-ல் வந்த டெக்சாஸ் ஜயன்டை 2011-ல் முதன்முதலாக அப்படி மாற்றினார்கள். எலும்புகூடத் தேய்கிற அளவுக்கு உதறிக்கொண்டிருந்த வண்டி வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது, கூட்டமும் திரும்பி வந்தது. 1990-களின் ராட்சத கோஸ்டர்களுக்கு இதை நான் குறை சொல்லமாட்டேன், இல்லாவிட்டால் அவை இடிபட்டிருக்கும். 1920-களின் கோஸ்டர்களில் மட்டும் கை வைக்கக் கூடாது. அவை மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான்.

கேள்வி: அடுத்த வருஷம் நியூயார்க்கில் மகன் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு 58 வயது. எதில் ஏறலாம்?
*வாசகர், மதுரை*

கோனி தீவின் சைக்ளோன் (கனடாவில் இருந்தது வேறு), 1927-ல் வந்தது, சுரங்க ரயிலிலேயே போய் இறங்கலாம். 1970-களில் பக்கத்து மீன் காட்சியகம் அந்த இடத்தைக் கேட்டபோது ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள், 1988-ல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. மகனிடம் கார் இருந்தால் வடக்கே சில மணி நேரம் போய் காமெட்டிலும் ஏறிவிடுங்கள், சைக்ளோன் பிறந்த அதே வருஷத்து இரும்பு அதில் இருக்கிறது. முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதுகு கொஞ்சம் தொந்தரவு என்றால் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற வரிசை வேண்டாம், பெட்டியின் நடுவில் உட்காருங்கள், அங்கேதான் அடி குறைவாக விழும்.