பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடைக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் நூற்பாலையில் 1970-களில் வாங்கிய 11 கேவி டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கிறது. காயலான் கடைக்காரர் எண்ணெயோடு கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், ராஜபாளையம்

பதில்: எண்ணெயைச் சோதிக்காமல் கொடுக்காதீர்கள். அதில் பிசிபி என்ற குளோரின் ரசாயனம் இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்காது என்று ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். மண்ணில் மக்காது, மீன், பால் வழியே நம் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும், புற்றுநோய் உண்டாக்கும். செம்புக்காகச் சுருளைக் கொளுத்தினால் டையாக்சின் நச்சுப்புகையும் கிளம்பும்.

பெயர்ப்பலகையில் ‘மினரல் ஆயில்’ (பிசிபி சேர்க்காத பெட்ரோலிய எண்ணெய்) என்றிருப்பதை மட்டும் நம்ப முடியாது. பிசிபி கலந்த எண்ணெயைச் சுத்திகரித்த ஃபில்டர் மெஷினை அடுத்த டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால், குழாயில் தங்கிய மிச்சம் இதிலும் கலந்துவிடும். 200 லிட்டர் எண்ணெய் 50 பிபிஎம் (எடையில் பத்து லட்சத்தில் 50 பங்கு) வரம்பைத் தொட 9 கிராம் பிசிபி போதும்; ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி! தண்ணீரில் ஊற்றிப் பார்ப்பதும் உதவாது. தூய பிசிபிதான் மூழ்கும். இவ்வளவு குறைவாகக் கலந்திருந்தால் எண்ணெய் மிதக்கத்தான் செய்யும்.

மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை எலக்ட்ரீஷியன் உறுதிசெய்த பிறகு, நைட்ரைல் கையுறையோடு அடி வால்வைத் திறந்து, முதலில் வரும் அரை லிட்டரைத் தனி டப்பாவில் பிடியுங்கள். அடுத்து வருவதைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, டிரான்ஸ்ஃபார்மரின் வரிசை எண்ணை ஒட்டுங்கள். எண்ணெயில் குளோரின் உண்டா என்று பார்க்கும் சோதனைக் கிட்டில் ‘இருக்கிறது’ என்று வந்தால், பிசிபி அளவைக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி சோதனையை ஆய்வகத்தில் செய்ய வேண்டும். முடிவு வரும்வரை டிரான்ஸ்ஃபார்மரைக் கூரையடியில், விளிம்பு கட்டிய சிமெண்ட் தரையில் வையுங்கள். 50 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் எண்ணெய் மட்டுமல்ல, தொட்டியும் சுருளும் துடைத்த துணியும்கூட அபாயக் கழிவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்து, அனுமதி பெற்றவரிடம் படிவம் 10-உடன் (அபாயக் கழிவை அனுப்பும்போது கூடச் செல்லும் விவரச் சீட்டு) ஒப்படையுங்கள். மக்காத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கைப்படி இவற்றை முறையாக அழிக்க 2028 வரைதான் கெடு.

கேள்வி: ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மரில் பிசிபி இருந்தால், எண்ணெயை மாற்றினால் போதாதா?
- வாசகர், கரூர்

பதில்: ஒருமுறை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சுருளைச் சுற்றிய காகிதமும் மரத்துண்டுகளும் பழைய எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். புது எண்ணெய் சூடாகி ஓடும்போது அது மெல்லக் கசியும். மூன்று மாதம் சுமையில் ஓடவிட்டு மறுபடி சோதியுங்கள். அளவு ஏறியிருந்தால் மீண்டும் மாற்ற வேண்டும். வடித்த எண்ணெயும் அபாயக் கழிவே.

கேள்வி: வெல்டிங் செட்டில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஊற்றுகிறோம். தவறா?
- வாசகர், திருச்சி

பதில்: ஊற்றாதீர்கள். பிசிபி இருந்தால் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். மூட்டுவலிக்குத் தேய்ப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். ஏற்கெனவே ஊற்றியதை வடித்து, மூடியுள்ள டிரம்மில் பெயர் எழுதி வையுங்கள். தரையில் சிந்தினால் தண்ணீர் அடித்துச் சாக்கடைக்குத் தள்ளாமல், மணலோ மரத்தூளோ போட்டு அள்ளி, அதையும் தனி டிரம்மில் மூடி வையுங்கள்.