சிறியதாக, நல்ல நிறமாக இருக்கும் டரான்டுலா சிலந்தியை வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அந்தச் சிலந்தி நாள் முழுக்க எங்கே இருக்கும் என்று முதலில் விசாரியுங்கள்.

நான் லண்டனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ் இனத்துப் பெண் சிலந்தி. டிரினிடாட், டொபாகோ, வெனிசுவேலா பக்கத்தது. முழுதாக வளர்ந்தும் கால்களோடு சேர்த்தே 5 செ.மீ. அளவுதான். கறுத்த வயிற்றில் ஆரஞ்சு வரிகள், அதன் மேல் செம்பு நிறத்தில் இதய வடிவப் பொட்டு. அத்தனை அழகையும் மண்ணுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்! வளை தோண்டி வாழும் இனம் அது. இரவில் வாசலில் இரண்டு முன்கால்கள் தெரிந்தாலே எனக்கு நிறைவாக இருக்கும். உங்களுக்கும் அது போதுமென்றால் மட்டும் இதை வாங்குங்கள்.

சின்ன உருவம் என்றால் வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். குஞ்சுகள் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். பெட்டியின் காற்றோட்டத் துளை கொஞ்சம் பெரிதானாலும் வெளியே போய்விடும். பழ ஈ, இல்லையென்றால் நறுக்கிய புழுத் துண்டு கொடுக்க வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் மண்ணில் ஒரு பக்கமாவது எப்போதும் ஈரம் இருக்கட்டும். நான் போடுவது தேங்காய் நார்த்தூள், பொள்ளாச்சியில் மலையாகக் குவியுமே, அதேதான். தோண்ட வசதியாக ஆழமாகப் போடுங்கள்.

புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவது சட்டை உரிக்கும் சமயத்தில். சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தும், வளை வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும், வாரக்கணக்கில் கண்ணிலேயே படாது. செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்காதீர்கள். உள்ளே மல்லாந்து படுத்துப் பழைய தோலைக் கழற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உடம்பெல்லாம் மிருதுவாக இருப்பதால், உள்ளே விட்ட பூச்சியே அதைக் கடித்துக் கொன்றுவிடலாம். சாப்பிடாத இரையை உடனே எடுத்துவிடுங்கள். உரித்த பிறகும் பல் கறுத்து இறுகும்வரை தீனி வேண்டாம்.

கையில் எடுத்துக் கொஞ்சும் பிராணி இல்லை இது. மிக வேகமாக ஓடும். கையிலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகும். வயிற்று முடியும் உதிர்ந்து அரிப்பைத் தரும். பெட்டியில் வேலை முடிந்ததும் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

நிறம் தினமும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா? அப்படியானால் வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்திலிருந்து வந்த ‘கிரீன் பாட்டில் ப்ளூ’ நல்ல தேர்வு. நீலக் கால், பச்சை முதுகு ஓடு, ஆரஞ்சு வயிறு. பெட்டி நிறைய வலை பின்னி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். வறண்ட மண், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். வளர்ந்தால் 12 செ.மீ.க்கு மேல் போகும் என்றாலும் முதல் சிலந்தியாக இதைத்தான் சொல்வேன்.

படங்களில் பார்க்கும் அந்த முழு நீலச் சிலந்தி ஆந்திராவின் கூட்டி என்ற ஊரின் பெயரில் அழைக்கப்படுவது. முதன்முதலில் 1899இல் விவரிக்கப்பட்டது. பிறகு நூறு வருடம் காணாமல் இருந்து, 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில் திரும்பக் கிடைத்தது. அதற்கு அரிப்பு முடி கிடையாது, பயந்தால் கடிக்கும். கடித்தால் கடும் வலியோடு தசைப்பிடிப்பும் வரும், நாள்கணக்கில் நீடிக்கவும் செய்யும். முதல் முறை வளர்ப்பவருக்கு அது வேண்டாம். காட்டில் மிஞ்சியிருப்பவையும் அழியும் நிலையில்தான் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கத்து மரங்களில் இருக்கும் அதன் உறவுக்கார இனத்துக்கும் அதே கதி. இவை இரண்டும் அடங்கிய பேரினம் முழுவதையும் 2019இல் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தார்கள். ஊரில் மரப்பொந்தில் ஒன்றைக் கண்டால் தயவுசெய்து பிடிக்காதீர்கள். எந்த இனமானாலும், வளர்ப்பில் பிறந்த குஞ்சா என்று விற்பவரைக் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.