ஆங்கிலத்தில் மென்டிகன்ட் (mendicant) என்றால் பிச்சைக்காரர்தானே? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

அகராதிப்படி அதேதான். ஆனால் சிக்னலில் கார் கண்ணாடியைத் தட்டிக் காசு கேட்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவர் வெறும் பெக்கர். மென்டிகன்ட் என்றால் பெரும்பாலும் துறவி, இரந்து உண்பதையே விரதமாக எடுத்துக்கொண்டவர்.

வேர் லத்தீன். மெண்டா என்றால் குறை, பிழை. ஏட்டில் விழுந்த எழுத்துப் பிழையையும் அப்படித்தான் சொல்வார்கள், உடம்பில் உள்ள ஊனத்தையும் அப்படித்தான். மெண்டிகுஸ் என்பவன் முதலில் ஊனமுற்றவன், அப்புறம் அதனால் பிழைக்க வழியில்லாமல் கையேந்துகிறவன், கடைசியில் கையேந்துகிற எவனும். பிழையை நீக்குவதைச் சொல்லும் அமெண்ட்மென்டும் இதே குடும்பம்தான், நம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் பிச்சைக்காரருக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி!

சரி, துறவி எப்படி உள்ளே வந்தார்? அதுவரை ஐரோப்பிய மடங்களில் துறவிக்குத்தான் சொந்தமாக எதுவும் கிடையாது, மடத்துக்கு வயலும் மாவு ஆலையும் தாராளமாக இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் புதிய துறவிச் சபைகளைத் தொடங்கிய பிரான்சிஸ் அசிசியாரும் தொமினிக்கும் சபைக்கே சொத்து வேண்டாம் என்றார்கள். பிரான்சிஸ் 1223இல் எழுதிய விதி ரொம்பக் கறார்: காசை நேராகவும் வாங்கக்கூடாது, இன்னொருவர் மூலமாகவும் வாங்கக்கூடாது, பிச்சை கேட்கப் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏழே வருடத்தில், 1230இல், போப் ஒன்பதாம் கிரகோரி, நம்பிக்கையான ஒருவர் கையில் காசு இருக்கட்டும், தேவைக்கு அவர் செலவு செய்யட்டும் என்று வழி விட்டுவிட்டார் (ஆளை வைத்துக் காசு வாங்குவது அப்போதே இருந்திருக்கிறது). இந்தச் சபைகளுக்கு மென்டிகன்ட் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது, 1400ஐ ஒட்டி ஆங்கிலத்திலும் சொல் புழக்கத்துக்கு வந்தது.

பௌத்த பிக்குவையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். நம் கோயில்களில் கையில் கபாலமும் பக்கத்தில் மானுமாக நிற்கும் பிட்சாடனருக்கும் (பிச்சை ஏற்கும் கோலத்தில் உள்ள சிவன்) கலை நூல்களில் இதுதான் பெயர். அங்கே பெக்கர் என்று போட்டால் நன்றாகவா இருக்கும்?

ஆனால் எப்போதும் மரியாதைச் சொல் என்றும் நினைத்துவிடாதீர்கள். பழைய காங்கிரஸில் மிதவாதிகள் வெள்ளைக்காரனுக்கு மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்ததை திலகர் தரப்பினர் மென்டிகன்ஸி என்று சாடினார்கள். அங்கே அது சுத்தமான வசவு.