டேலி தெரியும், பற்று வரவு தெரியுமா? கணக்குப் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எனக்குக் கேள்விகள் குவியும். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பேரேடு (லெட்ஜர்) எழுதித் தொடங்கியவன் நான். அப்புறம் ஆடிட்டர் ஆபீஸ், அப்புறம் கம்ப்யூட்டர். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

"பிளஸ் டூவில் பயாலஜி குரூப். கணக்குப்பதிவியல் படித்ததே இல்லைங்க. மூன்று மாத டேலி கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்குமா?" (மாணவி, கோபிசெட்டிபாளையம்)

கிடைக்கும் கண்ணு. ஆனால் கிடைப்பது பில் போடும் வேலை. கணக்கு எழுதும் வேலை வேறு.

டேலி என்பது கணக்கெழுதும் மென்பொருள். அதன் வகுப்பில் எஃப்5 விசை பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று முதல் வாரமே விரல் பழகிவிடும். வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் சின்னதாக ஒன்று கேட்பேன். "பேங்கிலிருந்து இருபதாயிரம் எடுத்துக் கல்லாவில் வைத்தோம், எந்த வவுச்சரில் (பதிவுச் சீட்டில்) ஏற்றுவது?" பலர் எஃப்5 என்பார்கள். பணம் வெளியே போகவே இல்லையே! இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது எஃப்4, கான்ட்ரா.

இன்னொன்றும் கேட்பேன். பேங்கில் பணம் கட்டினால் செல்போனுக்கு 'கிரெடிட்' என்று மெசேஜ் வருகிறது. நம் புத்தகத்தில் மட்டும் அதே பணத்தைப் பேங்க் கணக்கில் ஏன் பற்று (டெபிட்) எழுதுகிறோம்? மெசேஜ் சொல்வது பேங்கின் கணக்கை. நாம் கட்டிய பணம் அவர்கள் நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதனால் நம் பேரில் வரவு (கிரெடிட்) வைக்கிறார்கள். நமக்கு அது சொத்து, அதனால் பற்று. இதை யோசித்துச் சொல்கிற பிள்ளைக்கு டேலி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆகவே கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடுங்கள். தமிழிலேயே இருக்கிறது, காசும் இல்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதிவாரியாக எழுதும் குறிப்பேடு, கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு, பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு மூன்றையும் ஒரு மாதம் கையால் எழுதுங்கள். வெனிஸ் நகரத்தில் 1494-இல் லூக்கா பச்சோலி என்ற கணித அறிஞர் அச்சில் கொண்டுவந்த இரட்டைப் பதிவு முறைதான் (எதையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுவது) இன்றைக்கும் டேலிக்குள் ஓடுகிறது. அடியில் இருப்பது மாறவில்லை.

"திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங். வயது 34. பி.காம். அஞ்சல் வழியில் முடித்தேன். அக்கவுண்ட்ஸ் பக்கம் போக முடியுமா?"

அம்மிணி, உங்களுக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. சரக்கு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

திருப்பூர்க் கணக்கில் பாதி, சரக்கு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான். நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங். ஒவ்வொரு இடத்துக்கும் டிசி (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) போட்டுத்தான் சரக்கு போகிறது, ஆனால் விற்பனை இல்லை. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தருபவரிடம், போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பேச்சுக்கு, 500 கிலோ போய் 488 கிலோ வந்தால் அந்த 12 கிலோ எங்கே? எடைக்குறைவா, பாக்கியா, பட்டறைக்காரர் கணக்கிலேயே நிற்கிறதா? டேலியில் டிசி எண்ணை மட்டும் அடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

அப்புறம் கூலி பில். ஜாப் ஒர்க் செய்பவர் தனிநபர் என்றால் 1 சதவீதம், கூட்டு நிறுவனமோ கம்பெனியோ என்றால் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலும் சரி, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் சரி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பழைய பிரிவு எண்கள் போய்விட்டன. பழைய நோட்ஸை வைத்துப் பாடம் நடத்தும் இடத்தில் பணம் கட்டிவிடாதீர்கள்.

முடிந்தால் இப்போது இருக்கிற கம்பெனியிலேயே ஸ்டோர்ஸ் அல்லது டிசி பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். அங்கிருந்து அக்கவுண்ட்ஸ் அறைக்கு ஒரு கதவுதான். வயதைப் பற்றி நீங்களே முதலில் பேச்செடுக்காதீர்கள்.

"பி.காம். முடித்திருக்கிறேன். அப்பா சி.ஏ. படி என்கிறார், நண்பர்கள் சி.எம்.ஏ. என்கிறார்கள். எது?" (ஈரோடு)

சி.ஏ. பட்டயக் கணக்காளர் படிப்பு, சி.எம்.ஏ. அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு. பி.காம்.-இல் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வில் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத்தை எழுதாமல் நேராக இன்டர் என்ற இரண்டாம் கட்டத்துக்குப் பதிவு செய்யலாம். இன்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. முன்பு மூன்று வருடம், 2023-இல் இரண்டாகக் குறைத்தார்கள். இன்டர் தேர்வும் இப்போது வருடத்துக்கு மூன்று முறை. ஆடிட், வரி என்று போக ஆசை இருந்தால் சி.ஏ. ஸ்பின்னிங் மில், பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி மாதிரி இடங்களில் ஒரு பொருள் செய்ய என்ன அடக்கம் ஆகிறது என்று தோண்டுவது பிடித்தால் சி.எம்.ஏ. கோவை வட்டாரத்தில் அதற்கு இடம் உண்டு.

எதையும் முடிவெடுக்கும் முன் ஆறு மாதம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்காருங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் அரிசி மண்டி, லாரி ஆபீஸ், ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று நாற்பது வியாபாரத்தின் வயிற்றுக்குள் பார்த்துவிடலாம். இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" (நாமக்கல்)

ஊருக்கு ஊர், முதலாளிக்கு முதலாளி மாறும். நீங்கள் தனியாக ஒரு மாதத்தை முடிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பேரம். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும். 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன். 14-இல் வரும் 2பி-யை (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) எடுத்துக் கொள்முதல் பில்லோடு ஒத்துப் பார்க்கணும். 15-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-இல் 3பி, அதாவது வரி கட்டும் ரிட்டர்ன். இதை யாரும் நினைவுபடுத்தாமல் செய்கிற ஆளை முதலாளி எளிதில் விடமாட்டார்.

"பொள்ளாச்சியில் அப்பாவுக்குத் தேங்காய் மண்டி. ஆடிட்டர் இருக்கிறார். நான் எதற்குங்க கணக்குப் படிக்கணும்?"

ஆடிட்டர் வருடக் கடைசியில் பார்ப்பார். லாரி தினமும் போகிறது. பாலக்காட்டு வியாபாரிக்குக் கொப்பரை பில் போடும்போது அவருடைய ஜிஎஸ்டி எண் 32-இல் தொடங்கும். நம்முடையது 33. அந்த ஓர் எண்ணைக் கவனிக்காமல், ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) போட வேண்டிய இடத்தில் மாநில வரி போட்டுவிட்டால் சரிசெய்வது தலைவலி. தேங்காய்க்கு வரி இல்லை, அதையே உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாகக் காங்கேயத்துக்கு அனுப்பினால் 5 சதவீதம். இரண்டும் செய்கிற மண்டியில் பொதுச் செலவுக்குக் கட்டிய வரியை விகிதப்படி பிரித்துத்தான் நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். தேங்காய் எது, கொப்பரை எது என்று வீட்டில் ஒருவர் அன்றன்றைக்கே பிரித்து எழுதாவிட்டால் ஆடிட்டர் என்ன செய்வார்?

"ஏஐ வந்துவிட்டது. இனிமேல் கணக்கெழுத ஆள் தேவைப்படுமா?" (கோவை)

பில்லைப் படம் பிடித்து அடிக்கிற வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட் தானே உள்ளே ஏறுகிறது. வெறும் டேட்டா என்ட்ரியை நம்பி யாரும் இதற்கு வர வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கையால் எழுதிய காலத்தில் ஒருமுறை இருப்பாய்வில் 2,700 ரூபாய் உதைத்தது. மூன்று நாள் தேடினேன். கடையின் பழைய கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்பதால் வகுபடுதா பாரு" என்றார். வகுபட்டது. "அப்போ இலக்கம் இடம் மாறியிருக்கு." 8,540-ஐ நான் 5,840 என்று பேரேட்டில் ஏற்றியிருந்தேன்.

இன்றைக்கு அந்த உதையே வராது. டேலி இரண்டு பக்கமும் தானே எழுதிக்கொள்வதால் இருப்பாய்வு எப்போதும் சரியாக நிற்கும். தப்பு மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும்! மிஷின் வாங்கியதைப் பழுதுச் செலவில் போட்டிருப்பார்கள், கூட்டல் கச்சிதமாக இருக்கும். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்டலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இந்த விதி. சரக்கு தந்தவர் உற்பத்தி செய்பவரா, வாங்கி விற்பவரா? வாங்கி விற்பவருக்கு இது பொருந்தாது. பில்லைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். போன் போட்டுக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

"பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு விற்பனை பில்லை டெலிட் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?" (பெயர், ஊர் வேண்டாம் என்றார்)

பண்ணாதீர்கள். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிகிற, அந்தப் பதிவை அணைக்க முடியாத மென்பொருள்தான் இருக்க வேண்டும். ஆடிட்டர் அதைப் பார்த்து அறிக்கையில் எழுதியாக வேண்டும். நீங்கள் அழித்தால் உங்கள் யூசர் பெயர்தான் அங்கே நிற்கும், சொன்னவர் பெயர் நிற்காது. அந்த பில் ஏற்கெனவே ஜிஎஸ்டிஆர்-1-இல் போய், வாங்கியவரின் 2பி-யிலும் ஏறியிருக்கும். சரக்கு உண்மையிலேயே திரும்பி வந்திருந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போடுங்கள். அதுதான் முறை.

இன்னொன்றும் சொல்வார்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கணக்கில் அந்தச் செலவு நிற்காது என்பதால், 9,900, 9,900 என்று மூன்று தேதியில் வவுச்சர் எழுதச் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் எழுதியிருக்கிறேன். மூன்று வவுச்சரிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எடுத்துப் பார்த்த வரி அதிகாரி சிரித்துவிட்டார். சரி, உங்கள் பில்லுக்கு வருகிறேன். "அக்கவுண்ட்ஸில் ரிட்டர்ன் போட்டாச்சுங்க, இனி மாற்ற முடியாது, கிரெடிட் நோட்தான் வழி" என்று தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் சொன்னதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

"டைப்ரைட்டிங் இன்னும் தேவையா?" (கரூர்)

அரசில் தட்டச்சர் வேலைக்கு எழுதுபவர் என்றால் தேவை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் வணிகவியல் தேர்வுகளில் டைப்ரைட்டிங்கோடு கணக்கியல் இளநிலை, முதுநிலையும் உண்டு. அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தனியார் ஆபீஸுக்கு வலது பக்க நம்பர் பேடைப் பார்க்காமல் அடிக்கப் பழகினால் போதும்.