கடையின் இணையதளத்துக்கு சிடிஎன் தேவையா? முதலில் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்

நீங்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: சிராங்கூன் ரோடு பக்கம் மளிகைக் கடை, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம். வாங்குபவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கொஞ்சம் பேர் ஜொகூர். தளம் மெதுவாகத் திறக்கிறது. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) விற்றவர்கள் மாதம் 30 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிடிஎன், அதாவது தளத்தின் கோப்புகளைப் பல ஊர் சர்வர்களில் பிரதி வைத்து அருகிலிருந்து கொடுக்கும் சேவை, சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சிடிஎன் செய்வது உங்களுக்குப் பழக்கப்பட்ட வேலைதான். சென்னையில் ஒரு மில்லில் அரைத்த மிளகாய்ப் பொடியை ஊருக்கு ஊர் கடைகளில் அடுக்கி வைக்கிறோம் இல்லையா, அதேதான். பொடி வாங்க யாரும் மில்லுக்குப் போவதில்லை. உங்கள் தளத்தின் படங்கள், எழுத்துருக்கள், ஸ்டைல் கோப்புகள் எல்லாம் பொடி மாதிரி. யார் கேட்டாலும் ஒரே சரக்கு, பிரதி எடுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் கூடை, பணம் கட்டும் பக்கம் இதெல்லாம் தோசை. கேட்டவருக்குக் கேட்டபோது சுட்டால்தான் உண்டு.

இனி தூரக் கணக்கு. ஃபைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூர் கிழக்கிலிருந்து மேற்கு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், கால் மில்லி விநாடிதான் ஆகும். சர்வர் இங்கே, வாங்குபவரும் இங்கே என்றால் சிடிஎன் எதை மிச்சப்படுத்தப் போகிறது? ஜொகூருக்கும் இதே கதைதான், பாலம் தாண்டினால் வந்துவிட்டது. சென்னைக்குக் கடலடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வர 32 மில்லி விநாடி. அதையும் யாரும் உணரமாட்டார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரை என்றால்தான் உறைக்கும். போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல். சர்வரோடு தொடர்பு ஏற்படுத்தும் டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, தகவலை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் பூட்டுக்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்க ஒரு சுற்று. முதல் எழுத்து வந்து சேருவதற்குள்ளேயே 600 மில்லி விநாடி போயிருக்கும்.

போன தீபாவளிக்கு முன்னால் சேலைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இதே கேள்வியோடு என்னைக் கோப்பிக்கடைக்கு வரச்சொன்னார். கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆர்டர் செய்தார். தே ஓ வந்து, பாதி குடித்தும் ஆயிற்று, முதல் சேலைப் படம் முழுதாக இறங்கவில்லை. மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். முகப்பில் 14 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி சுமாருக்கு. அவர் மகள் கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறாள். 4,000 பிக்சல் அகலப் படம், திரையில் 400 பிக்சலில் தெரிகிறது. மொத்தம் 55 எம்பிக்கு மேல்! படங்களைச் சுருக்கி வெப்-பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றியதும் 14 படமும் சேர்த்து 1 எம்பிக்குள் அடங்கிவிட்டன. சேலையின் ஜரிகை முன்பு எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு இரண்டு தடவை பார்த்து ஒப்புக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. சர்வரின் முதல் பதிலுக்கே 1.8 விநாடி ஆனது. விசாரித்தால், ஹோஸ்டிங் வாங்கிக் கொடுத்தவர் டெக்சஸில் இருக்கும் மருமகன், மலிவாகக் கிடைத்ததென்று அவர் ஊர்ப் பக்கமே வாங்கிவிட்டார். தூரத்துக்கு 0.6 விநாடி போனால் மீதி 1.2 விநாடி? யார் வந்தாலும் வேர்ட்பிரஸ் அதே முகப்பை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது. பிளகின்கள் (கூடுதல் வசதிக்கான செருகிகள்) வேறு 30க்கு மேல். பக்கத்தை ஒருமுறை கட்டிச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகின் ஒன்றைப் போட்டு, சர்வரை சிங்கப்பூருக்கு மாற்றினோம். 0.2 விநாடிக்கு வந்தது. சிடிஎன்னுக்குக் கொடுத்த காசு பூஜ்ஜியம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிடிஎன்னை முதலிலேயே போட்டிருந்தாலும் அந்த 1.2 விநாடி அப்படியே இருந்திருக்கும். கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன் சேவைகள், அமைப்பில் எதையும் மாற்றாமல் விட்டால், படம், ஸ்டைல் மாதிரிக் கோப்புகளைத்தான் சேமிக்கும், வேர்ட்பிரஸ் கட்டித் தரும் பக்கத்தை (எச்டிஎம்எல்) சேமிக்காது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

‘அப்படியானால் பக்கத்தையும் சேமிக்கச் சொல்லிவிடலாமே?’ சொல்லலாம், நானும் ஒருமுறை சொன்னேன். ஒரு டியூஷன் நிலையத்தின் தளம், எல்லாவற்றையும் கேஷ் செய் என்று ஒரே விதி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஓர் அம்மா கூப்பிட்டார்: “தம்பி, என் கணக்கில் வேறு யாரோ பிள்ளையின் மதிப்பெண் வருகிறது.” முதலில் உள்நுழைந்தவருக்காகச் செய்த பக்கத்தை சிடிஎன் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறியிருக்கிறது. தனிநபர் தகவல் சட்டம் இருக்கும் ஊரில் இது விளையாட்டில்லை. அன்றிலிருந்து உள்நுழைவு, கூடை, பணம் கட்டும் பக்கம் மூன்றையும் விலக்கிவிட்டு, அந்தப் பக்கங்களோடு சர்வர் அனுப்பும் ஹெடர் குறிப்பில் ‘நோ-ஸ்டோர்’ (சேமிக்காதே) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

சிடிஎன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் நண்பர் குழந்தைகளுக்கான தமிழ்க் கதைகளை ஒலியாகப் போடுகிறார். கேட்பவர்கள் டொராண்டோ, லண்டன், சென்னை, இங்கே ஈசூன் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு கதை 20 எம்பி, எல்லோருக்கும் அதே கோப்பு. இதற்கு சிடிஎன் இல்லாமல் இருப்பதுதான் தப்பு. ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வரும் தளத்துக்கும், அடிக்கடி தாக்குதல் நடக்கும் தளத்துக்கும் அப்படித்தான். அதற்கும் இலவசத் திட்டத்திலேயே ஆரம்பிக்கலாம், கிளவுட்ஃப்ளேர் 2010இல் தொடங்கியபோதிலிருந்தே அப்படி ஒன்றைத் தருகிறது. நடுவில் இன்னொருவரை நிறுத்தினால் அவர் விழும்போது நாமும் விழுவோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 2021 ஜூன் 8ஆம் தேதி ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் சுமார் ஒரு மணி நேரம் படுத்தபோது பிரிட்டன் அரசின் தளமே திறக்கவில்லை.

எழுத்துருவை ஊரே பயன்படுத்தும் பொது சிடிஎன்னிலிருந்து எடுத்தால் வாடிக்கையாளரின் பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020இலிருந்து குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் கேஷைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. தமிழ் எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் கணினியில் குரோமின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, தளத்தை மறுபடி ஏற்றி, நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைச் சொடுக்கி, சர்வர் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.8 விநாடிக்குள் இருந்தால் கூகுள் கணக்கிலேயே அது நல்ல எண், தவறு படங்களில் இருக்கிறது. மேலே போனால் கேஷ் பிளகின் இருக்கிறதா என்று பாருங்கள், ஹோஸ்டிங்காரர்களிடம் சர்வர் எந்த ஊரில் என்று எழுத்தில் கேளுங்கள். 30 வெள்ளிக்கு விலைப்பட்டியல் பத்து நிமிடத்தில் அனுப்புவார்கள், இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வர மூன்று நாள் ஆனது.