பிடிமண்ணும் புழுவும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா. செம்பனை (எண்ணெய்ப்பனை) பூவில் மொய்க்கும் கேமரூன் வண்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதன் உடம்புக்குள் ஒரு நூற்புழு ஒட்டுண்ணியாக வாழ்கிறது என்றீர்கள். வண்டின் மரபணுவைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று தெரியுமே. புழுவின் மரபணுவை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்? வண்டு போன இடத்துக்குத்தானே புழுவும் போகும்?

வாசகர், குளுவாங்

வணக்கம்.

கேள்வி சரியான ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது. மகரந்தம் சேர்ப்பதற்காக 1981-ல் அந்த வண்டை மலேசியாவில் முதலில் விட்டதே உங்கள் பக்கத்துத் தோட்டங்களில்தான். அதற்கு முன் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள்.

புழு வண்டோடுதான் போகும். ஆனால் எல்லா வண்டோடும் போகாது. தோட்டத்துச் சாமியை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட்டை மூடி ஆட்கள் பத்து இடத்துக்குச் சிதறினால் முனியாண்டி பத்து இடத்துக்கும் போவதில்லை. பழைய கோயிலில் பிடிமண் எடுத்தவன் எங்கே குடியேறினானோ அங்கே மட்டும்தான். சில இடங்களில் சாமி இருக்கும், கொண்டுவந்த குடும்பம் இருக்காது. யார் யாரோ படையல் போடுவார்கள். குடும்பத்தின் கதை வேறு, கோயிலின் கதை வேறு.

பூச்சியிலும் அப்படித்தான். மரபணுவில் வண்டு எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி இருந்து, புழு மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டால், வண்டு பறந்து கலக்கிறது, புழு அந்த அளவுக்குக் கலக்கவில்லை என்று பொருள். தலைகீழாக இருந்தால் புழுவுக்கு வேறு வாகனம் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காண்டாமிருக வண்டே சாட்சி. இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும் அந்தச் சனியனைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. அதைக் கொல்லும் வைரஸை 1963-ல் மலேசியாவில்தான் ஹுகர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். வைரஸும் ஒருவகை ஒட்டுண்ணிதான். 1967-ல் அதைப் பசிபிக் தீவான சமோவாவில் விட்டார்கள், வண்டு அடங்கியது. 2007-ல் குவாம் தீவில் வண்டு தென்பட்டபோது அதே வைரஸைக் கொண்டுபோனார்கள். பலிக்கவில்லை. கண்ணுக்கு அதே வண்டு; செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவைப் பார்த்தால் வேறு கிளை.

ஒரு எச்சரிக்கை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக வருவது; அது சொல்வது பாட்டி வீட்டுக் கதையை மட்டும்தான். தாத்தா எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. அதை மட்டும் வைத்து வண்டுக்கும் புழுவுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களை நான் பாதிதான் நம்புவேன்.