போர்ஜோமி ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? அதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி.

கேள்வி: எனக்கு வயது 59. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எட்டு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் ரொம்ப நாளாக உண்டு. மூன்று மாதமாக, மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறும்போதும் எரிகிறது, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகத்தில் 5 மி.மீ. கல் இருந்து தானாகவே வெளியேறியது. என் மனைவிக்கு 55 வயது. சர்க்கரையும் முழங்கால் வலியும் இருக்கின்றன. எங்கள் மகள் ஜார்ஜியா நாட்டில் திபிலீசியில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் அவளைப் பார்க்கப் போகிறோம். போர்ஜோமி என்ற மலை ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். அங்கே ஊற்றுத் தண்ணீர் வயிற்றுக்கும் கல்லுக்கும் நல்லது, கந்தகக் குளத்தில் குளித்தால் மூட்டு வலி போகும் என்கிறார்களாம். நான் குடிக்கலாமா? அவர் குளிக்கலாமா? அங்கிருந்து பாட்டில் வாங்கி வந்து தினமும் குடித்தால் நல்லதா?

பதில்: தண்ணீரைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதியது போல ஒரு வரி இருக்கிறது. மேடு ஏறும்போது எரிகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று. அதைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன்.

வயிற்று அமிலத்தால் வரும் எரிச்சலுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் வரும், குனிந்தால் வரும், சாப்பிட்டதும் படுத்தால் வரும். புளித்த நீர் தொண்டை வரை ஏறும். ஏற்றத்தில் நடந்தால் வந்து, இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போய்விடும் எரிச்சல் அந்தக் கணக்கில் சேராது. மேடு ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் உள்ளே சுருங்கியிருந்தால் அவ்வளவு ரத்தம் போய்ச் சேராது, தசை தவிக்கும். நின்றதும் தேவை குறைகிறது, தவிப்பும் அடங்குகிறது. இதை எல்லோரும் நெஞ்சு வலியாக உணர்வதில்லை. சிலருக்கு நெஞ்சில் கல்லை வைத்தது போல இருக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும், சிலருக்கு வெறும் எரிச்சல்தான். உங்களுக்கு 59 வயது, எட்டு வருடமாக பிரஷர். இது அதுவாக இருக்கலாம் என்று நினைக்கப் போதுமான காரணம் இருக்கிறது.

மலையில் வாழும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டை விட்டு இறங்கினாலே ஏற்ற இறக்கம்தான் என்பதால், மூச்சு வாங்குவதும் நின்று நின்று ஏறுவதும் இயல்பாகப் போய்விட்டது. 'வயசாயிடுச்சு, மேடு முன்ன மாதிரி ஏற முடியல' என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு ஜீப் ஓட்டுநர், அமிலத்துக்குக் குடிக்கும் ரோஸ் நிற மருந்தை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஏறினால் எரியும், ஒரு வாய் குடித்துவிட்டு உட்காருவார், அடங்கும். மருந்துதான் கேட்கிறது என்று ஐந்து மாதம் நம்பியிருந்தார். உட்கார்ந்ததுதான் கேட்டது. அவருக்கு மூன்று குழாய்களில் அடைப்பு இருந்தது. கோவையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், இன்றும் நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பகீரென்கிறது.

அதனால் இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். ஈ.சி.ஜி. எடுக்க மலை இறங்க வேண்டியதில்லை. குன்னூர் லாலி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக வந்தாலும், நடக்கும்போது மட்டும் இதயத்துக்கு வரும் ரத்தப் பற்றாக்குறை அதில் தெரியாமல் போகலாம். 'மேடு ஏறினால்தான் எரிகிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் எக்கோ, டிரெட்மில் போன்ற அடுத்த பரிசோதனைகள் தேவையா என்று அவர் முடிவெடுப்பார். கூடவே ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அதுவரை சுமை தூக்கிக்கொண்டு மேடு ஏற வேண்டாம். சாப்பிட்ட கையோடு ஏறவே வேண்டாம். நடக்கும் தூரம் நாளுக்கு நாள் குறைந்தாலோ, சும்மா இருக்கும்போதே எரிச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எரிச்சல் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கை தாடை என்று பரவினாலோ 108ஐ அழையுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம்.

சோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது என்று வந்தால் எனக்கு உங்களைவிட சந்தோஷம். அப்போதும் இத்தனை வருட நெஞ்செரிச்சலை அப்படியே விடக்கூடாது. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் போலக் கறுத்துப் போவது, இதில் எது இருந்தாலும், வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அவசியம். எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் வயதில் ஒருமுறை பார்த்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

சரி, இப்போது போர்ஜோமி. திபிலீசியிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தூரத்தில், காட்டு மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். உயரம் சுமார் 800 மீட்டர்தான், குன்னூரின் உயரத்தில் பாதிகூட இல்லை. அதனால் உயரத்தால் தலைசுற்றுமோ, மூச்சு முட்டுமோ என்ற பயம் வேண்டாம். 1829இல் ரஷ்யப் படைவீரர்கள் அந்த ஊற்றுகளைக் கண்டார்கள் என்றும், படைத்தலைவரின் வயிற்றுக் கோளாறு அந்தத் தண்ணீரில் தேறியது என்றும் சொல்வார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1819இல்தான் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நம் நீலகிரிக்கு ஏறி வந்தார். அதற்குப் பிறகு சமவெளியில் காய்ச்சலில் கிடந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற ஊட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். அங்கே தண்ணீர், இங்கே காற்று.

நம் சோலைகளிலிருந்து வரும் ஊற்றுநீர் மழைநீருக்கு நெருங்கியது, அதில் உப்புகள் மிகக் குறைவு. போர்ஜோமித் தண்ணீர் அதற்கு நேர் எதிர். ஆழத்தில் பாறைகளுக்குள் கிடந்து மேலே வருவதால் ஒரு லிட்டரில் 5 முதல் 7.5 கிராம் வரை உப்புகள் கரைந்திருக்கும். அதில் பெரும்பங்கு பைகார்பனேட், அதாவது நம் சமையலறைச் சோடா உப்பில் இருக்கும் அதே பொருள். கடையில் நாம் 'மினரல் வாட்டர்' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் வடிகட்டிச் சுத்தம் செய்த சாதாரணக் குடிநீர். அந்த நினைப்பில் இதை மடக் மடக்கென்று குடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கம். ஊரின் பூங்காவில் குழாயிலிருந்து வெதுவெதுப்பாக வரும், லேசாக முட்டை நாற்றம் அடிக்கும், உவர்ப்பாக இருக்கும். நாற்றத்துக்குக் காரணம் கந்தக வாயு, அதனால் கெடுதல் இல்லை.

பைகார்பனேட் வயிற்று அமிலத்தைத் தணிக்கும், அதனால் எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்குவது உண்மைதான். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலையும் அதுதான். ஊற்றுத் தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது என்று இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சோடியம். போர்ஜோமி பாட்டில் லேபிளில் ஒரு லிட்டருக்கு 1,000 முதல் 2,000 மி.கி. சோடியம் என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது சுமார் 5 கிராம் உப்பு. ஊறுகாய், அப்பளம், சாம்பார் எல்லாம் சேர்ந்து நாம் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம். பைகார்பனேட்டோடு வரும் சோடியம் சமையல் உப்பைப் போல பிரஷரை ஏற்றுவதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை நம்பி தினமும் ஒரு லிட்டர் குடிக்க, பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவரிடம் நான் சொல்ல மாட்டேன். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று சோதனையில் தெரிந்தால் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ரிசல்ட் நன்றாக இருந்தால், அங்கே இருக்கும் இரண்டு மூன்று நாளும் தினம் ஒரு டம்ளர் ஆசைக்குக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் சாதாரணத் தண்ணீரில் விழுங்குங்கள். பாட்டில் சுமந்து வந்து இங்கே தினமும் குடிப்பது வேண்டாம்.

கல்லுக்கு நல்லதா என்று கேட்டால், எந்தக் கல் என்று முதலில் தெரிய வேண்டும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் இந்தத் தண்ணீர் உதவலாம். கால்சியம் பாஸ்பேட் கல்லாக இருந்தால் அதே காரணத்தாலேயே கெடுதல் செய்யலாம். பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அவர்களுக்குச் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். வெளியே வந்த கல்லை நீங்கள் பரிசோதனைக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எந்தக் கல்லானாலும் பலன் தருவது நிறையச் சாதாரணத் தண்ணீர் குடிப்பதுதான். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். (இதயப் பலவீனம் என்று தெரிந்தால் இந்த அளவையும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.) குளிரில் நமக்குத் தாகமே எடுக்காது, அதனால் மலைக்காரர்கள் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. காலையிலிருந்து ஐந்தாறு டம்ளர் டீ குடித்துவிட்டு, அதையே தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கடுந்தேநீரில் ஆக்சலேட் உண்டு. பால் சேர்த்தால் பாலில் உள்ள கால்சியம் அதில் கொஞ்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் தேயிலையோடு இருந்தவரிடம் டீயை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாகக் குறைத்து, பால் சேர்த்துக் குடியுங்கள்.

உங்கள் மனைவி குளிக்கலாம். வெந்நீர் ஊற்றுக் குளியலால் மூட்டுத் தேய்மான வலியும் விறைப்பும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூடக் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. கந்தகத்தைவிட வெதுவெதுப்புக்கும் மிதப்புக்கும்தான் அதில் பங்கு அதிகம் என்பது என் கருத்து. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே முழங்கால் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். தண்ணீருக்குள்ளேயே மெல்ல நடந்து, காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பலன் கூடும்.

சர்க்கரை இருப்பதால் சில கவனங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் சூடு தெரியாது, காலை வைக்கும் முன் உங்கள் மகள் கையை விட்டுப் பார்க்கட்டும். பாதத்தில் வெடிப்பிலோ விரலிடுக்கிலோ புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். இன்சுலின் போடுபவராக இருந்தால், வெந்நீரில் அது சீக்கிரம் உடம்பில் இறங்கி சர்க்கரை திடீரெனக் குறையலாம். வெறும் வயிற்றில் இறங்காமல், கையில் மிட்டாயோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளட்டும். பதினைந்து நிமிடம் போதும். எழுந்திருக்கும்போது மெதுவாக, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு. ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தால் முழங்கால் வலியைவிடப் பெரிய கஷ்டம் வந்து சேரும். நீங்கள், இதயப் பரிசோதனை முடியும் வரை எந்த வெந்நீர்க் குளத்திலும் இறங்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அவருக்குச் செய்ய எளிமையான ஒன்று இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டு இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுவானால் முழங்காலுக்குச் சுமை குறையும். படி இறங்கும்போது ஒரு ஊன்றுகோல் வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். இந்த மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் படுத்துகிறது.

டிக்கெட் போட்டிருந்தாலும் இப்போதே ரத்து செய்ய வேண்டாம். மே மாதத்துக்குள் பரிசோதனை முடித்து, தேவைப்பட்டால் சிகிச்சையும் தொடங்கிவிடலாம். விமானத்தில் போகலாமா என்பதை உங்களைப் பார்க்கும் இதய மருத்துவரிடமே கேளுங்கள். மாத்திரைகளை, சீட்டோடு சேர்த்து, கைப்பையில் வையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்ததும் அதைப் படம் பிடித்து உங்கள் மகளுக்கும் அனுப்புங்கள். மேடு ஏறும்போது எரிவதை அவளிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.